ரோபோ ட்ரேடிங் மென்பொருள் வாங்கலாமா? பேலன்ஸைக் காட்டுவார்கள், ஈக்குவிட்டியைக் கேளுங்கள்

கேள்வி: "பேஸ்புக்கில் ஃபொரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வியாபார) ரோபோ ஒன்று 199 டொலருக்கு விற்கிறார்கள். நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை, மாதம் 20 வீதம் தானாக வரும் என்கிறார்கள். விற்பவர் பண்டாரவளைப் பக்கம், நம்ம ஆள்தான். ஆறு மாத ஸ்டேட்மென்டும் காட்டினார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். ஏன் என்று சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

எனக்குத் தலவாக்கலைப் பக்கம். டவுனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை: ரீலோட், போட்டோகொப்பி, போன் திருத்துவது. 2021 மே மாதம் பயணக் கட்டுப்பாடு போட்டதும் கடைக்குப் பூட்டு. அம்மா மட்டும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் லயத்துக் காம்பராவில் படுத்தபடி டெலிகிராமில் கிடந்தேன். ரோபோ அங்கேதான் கிடைத்தது. விலை 149 டொலர். அன்றைய கணக்கில் டொலர் 200 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய முப்பதாயிரம். அம்மா முப்பது நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்டால் வரும் காசு. இந்தக் கணக்கை அப்போது நான் போட்டுப் பார்க்கவில்லை.

பணத்தை யுஎஸ்டிடியாகத்தான், அதாவது டொலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயமாகத்தான், அனுப்பச் சொன்னார்கள். எங்கள் வங்கி அட்டையில் அதை வாங்க முடியாது, மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. ஆகவே கொழும்பில் ஒருவரிடம் ரூபாய் கொடுத்து மாற்றினேன். அட்டையில் கட்டியிருந்தால் தகராறு என்று வங்கியிடமாவது போய் நிற்கலாம். கிரிப்டோவில் அனுப்பியது அனுப்பியதுதான். விற்பவருக்கு அதுதானே வசதி.

வந்து சேர்ந்தது ஒரேயொரு கோப்பு. மெட்டாட்ரேடர் 4 என்ற வியாபார மென்பொருளில் போட்டால் ஓடும், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. கூடவே ஒரு நிபந்தனை: அவர்கள் தரும் லிங்க் வழியாகத்தான் புரோக்கரிடம் கணக்குத் திறக்க வேண்டும். "இந்த புரோக்கருக்கு ஏற்ற மாதிரி ட்யூன் பண்ணியிருக்கு தம்பி" என்றார் விற்றவர். சரி என்றேன். 500 டொலர் போட்டேன், லெவரேஜ் 1:1000, அதாவது ஒரு டொலரை வைத்து ஆயிரம் டொலருக்கு வியாபாரம் செய்யலாம்.

முதல் மூன்று வாரம் ராஜ வாழ்க்கை. ஒவ்வொரு வியாபாரம் மூடும்போதும் போனில் டிங் என்று ஒரு சத்தம். 500 போய் 571 ஆனது. மச்சான் ஒருவன் தனக்கும் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தான். நல்ல வேளை, அவனிடம் காசு இருக்கவில்லை.

அப்புறம் ஜூன் 16, புதன்கிழமை இரவு. அமெரிக்க மத்திய வங்கியின் கூட்ட முடிவு நம் நேரப்படி இரவு 11.30க்கு வந்தது. இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. 2023க்குள் இரண்டு தடவை வட்டி கூடும் என்று அவர்களுடைய கணிப்பு வந்தது. டொலர் ஏறியது, யூரோ சரிந்தது. என் ரோபோ முந்தின நாளே 1.2130இல் யூரோவை 0.01 லொட் (லொட் என்பது வியாபாரத்தின் அளவு) வாங்கி வைத்திருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதுவரை கண்ணில் பட்ட மலிவு ரோபோக்களில் பாதிக்கு மேல் இதே வேலையைத்தான் செய்கின்றன. விலை 20 பிப் (ஒரு பிப் என்றால் யூரோ விலையில் 0.0001) இறங்கினால் நட்டத்தை ஏற்றுக்கொண்டு மூடாது. இரண்டு மடங்கு வாங்கும். 0.01, பிறகு 0.02, 0.04, 0.08, 0.16, 0.32, 0.64. விலை கொஞ்சம் திரும்பினாலே மொத்தமும் லாபத்தில் மூடிவிடும், டிங் சத்தம் வரும். மார்ட்டிங்கேல் என்பார்கள், சூதாட்ட மேசையில் பிறந்த பழைய முறை. நூற்றில் தொண்ணூறு தடவைக்கு மேல் விலை திரும்பத்தான் செய்கிறது, அதனால்தான் ஆறு மாத ஸ்டேட்மென்ட் அவ்வளவு அழகாக இருக்கிறது. திரும்பாத அந்த ஒரு தடவை என்ன ஆகும்? யூரோ டொலரில் 0.01 லொட்டுக்கு ஒரு பிப் என்பது 10 சதம். 120 பிப் இறங்கும்போது ஆறு வியாபாரமும் சேர்ந்து 240 டொலர் நட்டம். அந்த இடத்தில் ஏழாவது திறக்கிறது. இன்னும் 20 பிப் இறங்கினால் நட்டம் 494. முதல் 120 பிப்புக்குப் போனதை விடக் கூடுதலான காசு கடைசி 20 பிப்பில் போகிறது.

என்னிடம் 500க்குப் பதிலாக 571 இருந்தது. 140 பிப்புக்கு அப்புறம் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பிற்பாடு ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டேன். ஆறு பிப். மூன்று வாரமாக டிங் டிங் என்று சேர்த்துத் தந்த காசு எனக்கு வாங்கித் தந்தது அந்த ஆறு பிப்தான்.

அன்றிரவு யூரோ 1.20ஐ ஒட்டி வந்து நின்றது. என் ஈக்குவிட்டி 204 டொலர். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் மூடியிருந்தால் நாற்பதாயிரம் ரூபாயாவது மிஞ்சியிருக்கும். விற்றவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். "நிப்பாட்டாதே தம்பி, திரும்பி வரும், ரோபோவை நம்பு" என்று வந்தது. காம்பராவுக்குள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். போன் வெளிச்சம் பட்டு எழும்பிவிடுவார் என்று போர்வைக்குள் வைத்துப் பார்த்தேன். பேலன்ஸ் என்ற வரியில் அப்போதும் 571 என்றே இருந்தது. ஈக்குவிட்டி என்ற வரியில்தான் 204. நான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது முதல் வரியை.

மறுநாள் யூரோ இன்னும் இறங்கியது. புரோக்கர் தானாகவே எல்லாவற்றையும் மூடியபோது கணக்கில் 11 டொலர்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் இருக்கிறது. பேலன்ஸ் என்பது மூடிய வியாபாரங்களின் கணக்கு. ஈக்குவிட்டி என்பது திறந்து கிடக்கும் நட்டத்தையும் கழித்தபின் இருப்பது. நட்டத்தை மூடாமல் வைத்திருக்கும் ரோபோவுக்குப் பேலன்ஸ் கோடு எப்போதும் ஏறுமுகம்தான். மெட்டாட்ரேடர் 4 ஸ்டேட்மென்டில் வரும் படமும் பேலன்ஸ் கோடுதான். பண்டாரவளை அண்ணன் காட்டிய படம் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உண்மையான படத்தைக் காட்டியே ஏமாற்றலாம்.

பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளில் ரோபோவை ஓட்டிப் பார்த்த முடிவு, காட்டினால் அதற்கும் இதே கதை. போன பத்து வருட விலையை வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துகிற மாதிரி எண்களை மாற்றி மாற்றி ஓட்டினால் யாருக்கும் நல்ல ரிசல்ட் வரும். பாஸ்ட் பேப்பரை விடையோடு பாடமாக்கிவிட்டு அதே பேப்பரை எழுதுகிற மாதிரி. அதோடு மெட்டாட்ரேடர் 4இன் டெஸ்டர் ஒரே ஸ்ப்ரெட்டை (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) வைத்துத்தான் முழுவதையும் ஓட்டும். செய்தி வரும் இரவில் ஸ்ப்ரெட் விரியும் என்பது அதற்குத் தெரியாது.

விற்பவருக்கு இதில் என்ன லாபம்? 149 டொலர் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த லிங்க்தான் விஷயம். லிங்க் வழியாகப் போனவர் செய்யும் ஒவ்வொரு லொட்டுக்கும் புரோக்கர் விற்றவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. நான் லாபம் எடுத்தாலும் நட்டப்பட்டாலும் கமிஷன் ஒன்றுதான், லொட் பெரிதானால் கமிஷனும் பெரிது. இப்போது 0.01இலிருந்து 0.64 வரை இரட்டித்துப் போகும் ரோபோவை நினைத்துப் பாருங்கள். என் கணக்கு செத்துக்கொண்டிருந்த இரவில்தான் அவருக்கு அந்த மாதத்தின் நல்ல வருமானம் வந்திருக்கும். "நிப்பாட்டாதே" என்றதில் அவ்வளவு அக்கறை இருந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது.

புரோக்கர் பக்கமும் அப்படித்தான். சிறு கணக்குகளின் வியாபாரத்தைச் சந்தைக்கு அனுப்பாமல் தாமே எதிர்ப்பக்கம் நிற்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். நம் நட்டம் அவர்களுக்கு லாபம், விலையைக் காட்டும் திரையும் அவர்களுடையது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் ஐரோப்பாவிலேயே, சிஎஃப்டி (பொருளை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தில் மட்டும் காசு வைக்கும் வியாபாரம்) கணக்கு வைத்திருக்கும் சாதாரண ஆட்களில் 74 முதல் 89 வீதம் பேர் நட்டப்படுகிறார்கள் என்று அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018இல் சொன்னது. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் ஒட்டி விற்கும் ரோபோக்களை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி 2024 ஜனவரியில் தனியாகவே ஓர் எச்சரிக்கை விட்டது. உங்கள் அண்ணனின் விளம்பரத்திலும் "ஏஐ" இருக்குமே?

"நம்ம ஆள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் சீட்டுப் பிடிக்கும் அக்கா காசோடு ஓடினால் எந்த லயம், எந்தக் காம்பரா என்று தெரியும். இங்கே உங்கள் ஆள் வெறும் தரகர். மென்பொருளை எழுதியவர் யார், புரோக்கர் எந்தத் தீவில் பதிந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரும் என்னைப் போல நட்டப்பட்டு, விட்ட காசை எடுக்க விற்க இறங்கியவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள். "மூன்று பேரைச் சேர்த்தால் உனக்கும் பங்கு" என்ற பேச்சு வந்தால் மட்டும் உடனே எழும்பி வந்துவிடுங்கள். அது பிரமிட். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் நடத்துவதும் குற்றம், அதற்கு ஆள் சேர்ப்பதும் குற்றம்.

முறைப்பாடு செய்யலாமே என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டப்படி அந்நியச் செலாவணி வியாபாரத்துக்கு மத்திய வங்கியின் அதிகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக வங்கிகள். இணையத்தில் லிங்க் அனுப்பும் வெளிநாட்டுப் புரோக்கர் அந்த வகையில் வரமாட்டார். பொலிசுக்குப் போனால் முதலில் நான் காசை எப்படி வெளியே அனுப்பினேன் என்று நானே விளக்க வேண்டும். போகவில்லை.

விற்றவரிடம் திரும்பக் காசு கேட்டபோது "நீ 2,000 டொலர் போட்டிருக்க வேண்டும், 500 காணாது" என்றார், புதிய வேர்ஷன் பாதி விலைக்குத் தருவதாகவும் சொன்னார். பிறகு பிளொக். ஒரு மாதம் கழித்து இன்னொருவர் வந்தார்: இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 50 டொலர் கட்டணம். என் நம்பரும் நான் இழந்த தொகையும் அவருக்கு எப்படித் தெரியும்? விற்றவர்கள் பட்டியலையும் விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை விட மோசமானது. "நானே செட் பண்ணித் தாறேன்" என்று எனிடெஸ்க் (தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்க விடும் ஆப்) போடச் சொல்வார்கள். வங்கி ஆப் இருக்கும் போனிலோ கணினியிலோ அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கணக்கின் மாஸ்டர் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டாம். கடையில் திருத்த வரும் போன்களில் இந்தக் கூத்தை அடிக்கடி பார்க்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிராக் ரோபோக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லையா? அண்ணனிடம் அவருடைய சொந்த ரியல் கணக்கின் இன்வெஸ்டர் பாஸ்வேர்டைக் கேளுங்கள். அதை வைத்து யாராலும் வியாபாரம் செய்யவோ காசு எடுக்கவோ முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். ஆகவே தர மறுப்பதற்கு நியாயமான காரணம் கிடையாது. உள்ளே போனதும் லாபத்தைப் பார்க்காதீர்கள். திறந்து கிடக்கும் வியாபாரங்களைப் பாருங்கள், லொட் இரட்டித்துப் போகிறதா என்று பாருங்கள், ஸ்டொப் லொஸ் (நட்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக மூடும் விலை) என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸுக்கும் ஈக்குவிட்டிக்கும் இடைவெளி எவ்வளவு என்று இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அமெரிக்க வட்டி முடிவு வரும் நாள் ஒன்றும் அதில் இருக்கட்டும்.

நான் கேட்டுப் பார்த்த ஐந்து பேரில் ஒருவர் தந்தார், மற்ற நான்கு பேரும் என்னை பிளொக் செய்தார்கள். தந்தவரின் கணக்கில் பேலன்ஸ் 3,200, ஈக்குவிட்டி 900. அவரிடம் சொன்னேன். "அது பரவாயில்லை, திரும்பி வரும்" என்றார்.