இரண்டு நிமிடப் பாட்டுக்கு எத்தனை நிமிடம் சுருதி சேர்ப்பது?

இசைக் கேள்வி-பதில் பகுதியில் இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் இங்கிலாந்துப் பாடகர் நிக் ட்ரேக்கின் ‘பிங்க் மூன்’ (1972) ஆல்பத்தைச் சுற்றியே.

கேள்வி: ஆல்பத்தின் தலைப்புப் பாடலுக்கு கிதாரில் கார்டுகளைச் (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடிகளை) சரியாகத்தான் பிடிக்கிறேன். ஆனாலும் ரெக்கார்டில் இருக்கும் அந்தக் கணகணப்பு வரவில்லை. விரல் வேகம் போதவில்லையா?

பதில்: விரலைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு சுருதியில். அந்தப் பாட்டுக்கு ட்ரேக்கின் கிதார் வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ அல்ல. தடித்த கம்பியில் தொடங்கி சி-ஜி-சி-எஃப்-சி-ஈ. 2ஆவது ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; ஒரு ஃப்ரெட் என்றால் அரை ஸ்வரம்) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி.

தடித்த கம்பியான 6ஆவதை நான்கு ஃப்ரெட் அளவு இறக்குங்கள். 5, 4, 3ஆவது கம்பிகளை இரண்டிரண்டு ஃப்ரெட். 2ஆவதை மட்டும் ஒரு ஃப்ரெட் ஏற்ற வேண்டும். பலர் பழக்க தோஷத்தில் இதையும் இறக்கிவிடுகிறார்கள். முதல் கம்பியைத் தொட வேண்டாம்.

இத்துடன் முடியாது. நான்கு கம்பிகள் தளர்ந்ததும் கழுத்தின் மீதான இழுவை குறையும். முதலில் சேர்த்த கம்பிகள் மெல்ல மேலேறிவிடும். ஆகவே சுருதி காட்டும் கருவியான டியூனரில் இன்னொரு சுற்று பாருங்கள். இறக்கும் கம்பியை வேண்டியதற்குச் சற்றுக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தினால் நழுவாது. அதன்பின் கேப்போ. ஃப்ரெட்டை ஒட்டி, அளவான அழுத்தத்தில் போடுங்கள். இறுக்கிப் பிடித்தால் தொய்ந்திருக்கும் 6ஆவது கம்பி முதலில் சுருதி ஏறும். 10 செட் எனப்படும் மெல்லிய கம்பிகள் போட்டிருந்தால் அந்தக் கீழ் சி தொளதொளத்து ஃப்ரெட்டில் மோதி இரையும். இன்னும் தடித்த 12-53 செட்டுக்கு மாறுங்கள்.

கணகணப்புக்குக் காரணம் இதுதான்: ஆறு கம்பிகளில் மூன்று ஒரே ஸ்வரம். இடது கை எங்கே போனாலும் திறந்த கம்பிகள் தம்புரா போலப் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். சாதாரண சுருதியில் கார்டு பிடித்தால் அந்த ரீங்காரத்தை விரல்களே அடைத்துவிடும். இன்னொரு லாபம், ‘விச் வில்’ பாட்டுக்கும் இதே சுருதிதான்.

கேள்வி: முந்தைய ஆல்பங்களில் டிரம்ஸ், வயலின்கள் எல்லாம் உண்டே. இதில் ஏன் ஒன்றுமே இல்லை?

பதில்: தலைப்புப் பாடலில் கொஞ்சம் பியானோ உண்டு. அதையும் ட்ரேக்கே வாசித்துப் பிற்பாடு மேலே சேர்த்தார். மற்றபடி குரலும் கிதாரும்தான். 1971 அக்டோபரில் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடித்த வேலை. அதே ஆண்டு வந்த ‘பிரைட்டர் லேட்டர்’ ஆல்பத்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் பெக் பாஸ், டேவ் மேட்டக்ஸ் டிரம்ஸ், ராபர்ட் கர்பியின் இசைக்கோவை என்று கூட்டம் நிறைந்திருந்தது. அடுத்தடுத்துக் கேட்டால் ஆள் மாறிவிட்டாரோ என்று தோன்றும். ‘பிரைட்டர் லேட்டர்’ அழகுதான்; ஆனால் அவருடைய வலது கட்டைவிரல் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ‘பிங்க் மூன்’ கேளுங்கள்.

கேள்வி: 11 பாட்டு, மொத்தமே 28 நிமிடமா?

பதில்: ஆமாம். ‘நோ’ (Know) பாட்டில் வரிகள் நான்கே நான்கு, மிச்சமெல்லாம் முனகல். ‘ஹார்ன்’ வெறும் கிதார், ஒன்றரை நிமிடம்கூட வராது.

கேள்வி: வெளிவந்தபோதே புகழ்பெற்றதா?

பதில்: இல்லை. சொற்பமாகத்தான் விற்றது. ட்ரேக் 1974 நவம்பரில், 26 வயதில் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் தலைப்புப் பாடல் ஒலித்த பிறகே கடைகளில் ஆல்பத்தைத் தேடத் தொடங்கினார்கள்.