டீச்சரைக் கேளுங்கள்: இடிதாங்கி வைத்தவர் மேல் வழக்கு

(ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: பெரிய அறிவியல் கருத்து எது வந்தாலும் மதம் குறுக்கே நிற்கிறது. சமூகம் அதன் பின்னால் வரிசை கட்டுகிறது. மதம் மட்டும் இல்லாதிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம், இல்லையா? (கல்லூரி மாணவர், சேலம்)

குறுக்கே நிற்பது யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு தம்பி. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் மூன்றாவது மாடி எழுப்பியதும் இடிதாங்கி வைத்தார்கள். மறுநாளே எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்துவிட்டார். "எங்கேயோ போற இடியை நீங்க ஏன் சார் இங்க கூப்பிடுறீங்க? உங்க கட்டடம் தாங்கும், என் கீத்துக் கொட்டகை தாங்குமா?" நான் காகிதத்தில் படம் போட்டு விளக்கிப் பார்த்தேன். "நீங்க படிச்சவங்க, சொல்வீங்க டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனிதர்தான். ஆனால் அன்று பேசிய பேச்சில் சாமி ஒரு இடத்திலும் வரவில்லை. அவருக்குக் கொட்டகைக் கவலை.

அப்புறம் பல வருஷம் கழித்து, படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தில் அதே டீக்கடைக்காரரைப் பிரான்சில் சந்தித்தேன். சென்ட் ஓமேர் என்ற ஊர், 1780. விஸ்ஸெரி என்ற வயதான வக்கீல், அறிவியலில் பைத்தியம் உள்ளவர், தன் வீட்டுப் புகைபோக்கி மேல் இடிதாங்கி நட்டார். நுனியில் பொன் பூசிய வாள்முனை வேறு. அக்கம்பக்கத்தார் கூடி மனுக் கொடுத்தார்கள்: இந்தக் கம்பி எங்கள் தலைமேல் இடியை இழுத்துவிடும். ஊர் நீதிமன்றம் கழற்றச் சொல்லிவிட்டது. விஸ்ஸெரி விடவில்லை, ஆராஸ் நகரத்துக்கு அப்பீல் போனார். 1783ல் அவருக்காக வாதாடி ஜெயித்த 25 வயது இளம் வக்கீல் யார் தெரியுமா? ரோபெஸ்பியர். பத்து வருஷம் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் கில்லட்டினுக்குத் தலைகளை அனுப்பிய அதே ரோபெஸ்பியர்தான். ஜெயித்த கையோடு தன் வாதத்தை அச்சடித்து, இடிதாங்கியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கே ஒரு பிரதி அனுப்பினார்.

மதகுருமார் எதிர்க்கவில்லையா என்றால், எதிர்த்தார்கள். இடி என்பது கடவுளின் கோபம், அதற்குக் கம்பி வைத்து வழிமறிப்பது அடக்கமின்மை என்ற பேச்சு இருந்தது. 1755ல் பாஸ்டனில் பூமி அதிர்ந்தபோது தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார், இந்த இரும்புமுனைகள் வானத்து மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவதால்தான் நிலம் ஆடுகிறது என்று எழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ராப் அதற்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது.

ஆனால் பாரிஸில் ஃபிராங்க்ளினோடு மல்லுக்கு நின்ற நொல்லேயைப் பாருங்கள். பாதிரி அங்கி உண்டு. அதே சமயம் அன்றைய மின்சார ஆராய்ச்சியில் பெரிய கை. அவர் கோபம் வேதாகமத்துக்காக வந்ததல்ல. மின்சாரத்தைப் பற்றி அவர் வைத்திருந்த சொந்தக் கொள்கையை 1752ல் அமெரிக்காக்காரர் ஒருவர் ஓரங்கட்டிவிட்டாரே, அந்த எரிச்சல்.

இதில் பாவம் யார் என்றால் மணி அடித்தவர்கள். புயல் வந்தால் தேவாலய மணியை விடாமல் அடிப்பது ஐரோப்பாவில் பழக்கம். 'மின்னலை முறிக்கிறேன்' என்று லத்தீனில் பல மணிகளில் பொறித்தே வைத்திருந்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரம், நனைந்த கயிறு, அதைப் பிடித்தபடி ஒரு மனிதர். 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்து 103 மணியடிப்பவர்கள் செத்ததாக 1784ல் மூனிக்கில் வெளியான ஒரு நூல் கணக்குக் கொடுக்கிறது. வெனிஸில் புனித மாற்கு மணிக்கூண்டு இடி வாங்கி வாங்கி, பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, கடைசியில் 1776ல் இடிதாங்கி வைத்துக்கொண்டது. இதற்காக எந்த வேத வசனத்தையும் யாரும் திருத்தவில்லை. கொத்தனார் கூலிதான் மிச்சமாயிற்று.

எங்கள் பள்ளி இடிதாங்கி? மூன்றாவது வருஷம் அதன் செம்புப் பட்டையை யாரோ அறுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். அறிவியலின் எதிரிகள் பட்டியலில் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோபுரக் கலசமும் அதற்குள் போடும் வரகும்தான் உலகின் முதல் இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (இல்லத்தரசி, மதுரை)

இல்லை அம்மா. இடிதாங்கியில் உயரே நிற்கும் கம்பியைவிட முக்கியமானது கீழே போகும் வழி. உச்சியிலிருந்து பட்டை இடைவெளி இல்லாமல் இறங்கி, கரியும் உப்பும் போட்ட எர்த் குழியில் முடிய வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1753ல் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற விஞ்ஞானி உயிரைக் கொடுத்தார். கூரையிலிருந்து கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்தார், தரையோடு இணைக்கவில்லை. கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மின்னல் அவர் நெற்றியில் இறங்கியது. கலசத்துக்குக் கீழே செங்கல்லும் சுதையும்தான். வரகுக்கும் மின்னலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் இன்று பல கோபுரங்களில் கலசத்துக்குப் பக்கத்திலேயே தனியாக இடிதாங்கியும் நிற்கிறது.

நம் முன்னோர் மின்னலைக் கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இந்திரனே இடியாக இறங்கி வேதகிரீசுவரரை வழிபடுகிறான் என்பது ஐதீகம். குன்றின் உச்சியில் அடிக்கடி இடி விழுவதைப் பார்த்தவர்கள்தான் அப்படி ஒரு அழகான கதை கட்ட முடியும். அது போதாதா நமக்கு? புதுக் கருத்தை எதிர்த்துப் பார்த்து முடியாமல் போனால், அடுத்தபடி "இது எங்களிடம் அப்போதே இருந்தது" என்பதுதான். எல்லா ஊரிலும் இது நடக்கிறது.

கேள்வி: கலிலியோ தொலைநோக்கியில் காட்டியும் அன்றைய ஆட்கள் ஏன் நம்பவில்லை? அவ்வளவு முட்டாள்களா? (ஆட்டோ ஓட்டுநர், கோயம்புத்தூர்)

முட்டாள்கள் இல்லை. கட்டை விரலை நீட்டி, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்களும் அப்படிக் கொஞ்சம் இடம் மாற வேண்டும். மாறவில்லை என்பது அன்றைய எதிர்வாதம். நல்ல எதிர்வாதம்! நட்சத்திரங்கள் இருக்கும் தூரத்தை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெசல் என்ற ஜெர்மானியர் 1838ல்தான் அந்த நகர்வை அளந்தார். அதன் அளவு, சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம்.

கலிலியோ 1610ல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது அபாரம்தான். ஆனால் பூமி சுற்றுவதற்கு அவர் பெரிதாக நம்பிய ஆதாரம் கடல் அலை ஏற்ற இறக்கம். அது தப்பு, அது நிலாவின் வேலை. நிலாதான் காரணம் என்று சொன்ன வானியலாளர் கெப்ளரை அவர் கேலி செய்தார். கர்தினால் பெல்லார்மின் 1615ல் எழுதிய கடிதத்தில், உண்மையான நிரூபணம் இருந்தால் வேத வசனத்துக்கு நாம் கொள்ளும் பொருளை யோசித்துத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அப்படி ஒன்றை இன்னும் யாரும் எனக்குக் காட்டவில்லை என்றார். ஒரு தலைமை எக்ஸாமினர் பேசுகிற பேச்சு.

சரி, நிரூபணம் பற்றவில்லை என்றால் "பற்றவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலியோவுக்கு முன்பே எழுதிய கோப்பர்னிக்கஸ் திருச்சபைப் பதவியில் இருந்தவர். 1543ல் தன் நூலைப் போப்பாண்டவருக்கே சமர்ப்பித்தார். எழுபது வருஷம் அதை யாரும் தடை செய்யவில்லை. கலிலியோ 1632ல் பாமரரும் படிக்கும் இத்தாலிய மொழியில் எழுதினார். போப் எட்டாம் அர்பனுக்குப் பிடித்தமான வாதத்தை அந்த உரையாடலில் சிம்ப்ளீசியோ என்ற பாத்திரத்தின் வாயில் வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே இத்தாலியருக்கு அசடு ஞாபகம் வரும். பழைய நண்பரான போப்புக்கு அது பொறுக்கவில்லை. 1633 ஜூன் 22ஆம் தேதி 69 வயதுக் கிழவரை மண்டியிட வைத்து, சொன்னது தப்பு என்று படிக்கச் சொன்னார்கள். சாகும்வரை வீட்டுக் காவல். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. பரிணாமப் பாடம் படித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முகம் கொடுத்து உட்காருவதில்லை. "அப்போ ஆதாம் பொய்யாம்மா?" என்கிறான். என்ன சொல்வது? (தாய், தூத்துக்குடி)

இன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். டார்வினே இருபது வருஷம் பேசாமல் வைத்திருந்த விஷயம் இது. அவர் மனைவி எம்மா பக்தியுள்ளவர். கணவரின் சந்தேகங்களால் இருவரும் மறுமையில் பிரிந்துவிடுவோமோ என்ற தவிப்பை அவருக்குக் கடிதமாகவே எழுதினார். 1851ல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். டார்வினுக்கு மீதமிருந்த நம்பிக்கையை உலுக்கியதில் அந்தச் சாவுக்கும் பங்குண்டு என்று பலர் கருதுகிறார்கள். அதே சமயம், அமெரிக்காவில் அவர் கருத்தைத் தூக்கிப் பிடித்த தாவரவியலாளர் ஏசா கிரே ஒழுங்காகக் கோயிலுக்குப் போன கிறிஸ்தவர். பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு பிரசங்கம் செய்த ஃபிரெடரிக் டெம்பிள் பின்னாளில் கேன்டர்பரி பேராயரே ஆனார். 1882ல் டார்வினை அடக்கம் செய்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள்தான். இதையெல்லாம் மகனிடம் சொல்லுங்கள். அவன் கேள்வி பழைய கேள்வி, அதோடு பலர் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரியட்டும். பரீட்சையில் பாடத்தில் உள்ளதை எழுதட்டும். 2023ல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. நம் மாநிலப் பாடத்தில் அது இருக்கிறது. அவனுக்கு அதிர்ஷ்டம்.

என் வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பையன் கேட்பான்: "குரங்கு மனுஷனா மாறுச்சுன்னா, மிச்சக் குரங்கு ஏன் டீச்சர் மாறலை?" குரங்கு நமக்குத் தாத்தா இல்லைடா, ஒரே கொள்ளுத்தாத்தா வழியில் வந்த பங்காளி என்பேன். வகுப்பு சிரிக்கும். அதனால் எனக்கு ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை.

தொந்தரவு வந்தது வேறு வரிக்கு. மனித இனம் சுமார் மூன்று லட்சம் வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றியது, இந்த வகுப்பில் உள்ள எல்லாரும் ஒரே வம்சம் என்று சொன்னேன். மறுநாள் ஒரு தகப்பனார் வந்தார். உட்காரவில்லை. "குரங்கு கதை எல்லாம் சொல்லிக்குங்க டீச்சர். எங்களையும் அந்தத் தெருக்காரங்களையும் ஒண்ணுன்னு சொன்னீங்களாமே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கு?" நான் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தார், மூடி வைத்தார், போனார். அடுத்த வருஷம் பையனை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். டார்வினால் ஆட்டம் கண்டது ஆதாம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மனிதர் முகம்தான் ஞாபகம் வரும்.

கேள்வி: சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்றார்கள். திருநள்ளாற்றில் 2026 என்றார்கள். வானத்தில் சனி ஒன்றுதானே? (ஓய்வுபெற்ற எழுத்தர், திருவாரூர்)

ஒன்றேதான் ஐயா. கணக்கு இரண்டு. 2025 தேதி திருக்கணிதம், அதாவது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. 2026 வாக்கியம், பழைய கணக்கு. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றும் கோயில். வாக்கியம் என்பது நிஜமாகவே வாக்கியம்: எண்களை எழுத்தாக்கிச் சொற்றொடராக மனப்பாடம் செய்வது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஏளனமாக நினைக்காதீர்கள். சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, வாக்கியங்களை மனத்திலிருந்தே சொல்லி, 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் நான்கு நிமிஷப் பிழை, விடும் நேரத்தில் 52 நிமிஷப் பிழை. ஒரு வரிகூட எழுதிப் பார்க்காமல்!

ஆனால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, மனப்பாடம் நகராது. பழைய கணக்கைக் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று நின்றவர் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874ல் சூரியனை வெள்ளி கடந்தபோது, அது என்ன என்று மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கணித்து வெளியிட்டார். அவர் போய் நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, இரண்டு பஞ்சாங்கமும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கோயில் எதைப் பின்பற்றுவது என்பது கோயிலின் வழக்கம். ஆனால் தொலைநோக்கியை வாக்கியம் சொல்லும் இடத்துக்குத் திருப்பினால் சனி அங்கே இருக்காது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சாமி கும்பிடுவீர்களா? (பெயர் வேண்டாம், திருச்சி)

வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவேன். இடி இடித்தால் என் பாட்டி உலக்கையை வாசலில் வீசிவிட்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்பாள். எனக்கும் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். சொல்லிக்கொண்டே போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.