ஹைலக்ஸை உயர்த்திய பிறகு பின் பிரேக் பிடிக்கவில்லை என்றால்

வணக்கம் நண்பரே. பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாற்றி 2 அங்குலம் தூக்கிய பிறகு, பிரேக் மிதித்தால் முன்பக்கம் குத்துகிறது, பின்சக்கரம் பிடிப்பதே இல்லை, பின்னால் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு டிஸ்க்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஆக்சிலிலிருந்து (பின்சக்கர அச்சு) ஒரு மெல்லிய கம்பி சேசிஸில் (அடிச்சட்டம்) உள்ள வால்வுக்குப் போகிறதா? அதுதான் லோடு சென்சிங் வால்வு. பாரம் ஏற்றினால் சேசிஸ் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் டிரம் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நீங்கள் சேசிஸை உயர்த்திவிட்டதால், வண்டி எப்போதும் காலி என்றே அது எடுத்துக்கொள்கிறது. ஆக்சில் பக்கத்து பிராக்கெட்டையும் அதே 2 அங்குலம் உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வால்வையே கழற்றி எறியச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். ஈரச் சாலையில் காலி வண்டியின் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும்.

அப்புறம், சேசிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு பின் பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நீளமான ஹோஸ் மாற்றாமல் காட்டுப்பாதைக்குப் போகவே வேண்டாம். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவையும் அட்ஜஸ்ட் செய்து, பிரேக் லைனில் உள்ள காற்றை எடுத்துவிடுங்கள்.