சிறிய மீன் தொட்டியில் பாசி மறுபடியும் மறுபடியும் படிவதை எப்படித் தடுப்பது?

உங்கள் 30 லிட்டர் தொட்டியை வாரந்தோறும் முழுவதும் காலி செய்து, கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவியும், அடுத்த வாரத்திற்குள் கண்ணாடி பச்சை பூத்துவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ ஓராண்டு இதே வேலையைச் செய்து கை சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் அந்தக் கழுவலை நிறுத்துங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த நீரில் அவற்றை அலசும்போது நல்ல பாக்டீரியா மடிந்து, ஒவ்வொரு வாரமும் நீங்கள் புதுத் தொட்டி ஒன்றைத் தொடங்குகிறீர்கள். நிலைபெறாத தொட்டியில் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

என் தொட்டியில் இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் பாசி தடித்திருந்ததை வெகுநாள் நான் பொருட்படுத்தவில்லை. காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுந்தது சரியாக அந்தப் பக்கத்தில்தான் என்பது, ஒரு விடுமுறை நாளில் தொட்டியின் அருகே உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. தொட்டியை நகர்த்தினேன், விழித்திருக்கும் நேரமெல்லாம் எரியவிட்டிருந்த விளக்கை டைமர் வைத்து நாளுக்கு 6 மணி நேரமாகக் குறைத்தேன். உணவையும் மீன்கள் 2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடுவதில்லை, ஏனெனில் கல்லிடுக்கில் விழுந்து மட்கும் துணுக்குகள் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிப் பாசிக்கு உரமாகின்றன. வேகமாக வளரும் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை நட்டால், அந்த உரத்தைப் பாசியுடன் போட்டியிட்டு அவை உறிஞ்சிக்கொள்ளும். (பெயரில் பாசி இருந்தாலும் அது பூக்கும் தாவர இனம்தான்.)

புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் படலம் சில வாரங்களில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். நீரே பச்சையாகிவிட்டால் விளக்கை அணைத்து, 3 நாள் துணி போர்த்தி வைக்கலாம். ஆனால் மடியும் பாசி ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழவென்று ஏடாகப் பெயர்ந்து, நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் படலம் உண்மையில் பாசியே அன்று, சயனோபாக்டீரியா. அதைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதே முதல் வேலை.

பாசி தின்னும் என்று கடைகளில் கைவிரல் அளவில் விற்கும் பிளெக்கோ மீனை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பரவலாகக் கிடைக்கும் இனம் 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்வதோடு, நிறையக் கழிவும் இடும். இந்த அளவு தொட்டிக்கு இரண்டு நெரைட் நத்தைகள் போதும். பாசிக்கொல்லி மருந்துகளில் பலவற்றில் தாமிரம் இருப்பதால், நத்தையோ இறாலோ உள்ள தொட்டியில் அவற்றை ஊற்றவே கூடாது.

இனி வாரம் ஒருமுறை, பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டிய பிறகு, சுரண்டியதும் சேர்ந்து வெளியேறும்படி கால் பங்கு நீரை மட்டும் உறிஞ்சி எடுங்கள். வடிகட்டிப் பஞ்சை அந்த வாளி நீரிலேயே பிழிந்து திரும்பப் பொருத்திவிட்டு, குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள். என் தொட்டியில் வித்தியாசம் தெரிய ஐந்து வாரம் பிடித்தது.