படிகாரம் தோய்த்த பாவாடை

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் பாலே உடைகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாலே நடனக்காரி எம்மா லிவ்ரிக்கு அதில் நான்கே வரிகள். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய உடை இருந்தும் வேண்டாம் என்றாள், மேடை விளக்கில் பாவாடை பற்றிக்கொண்டு இறந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு உயிரைவிட அழகு பெரிதாகிவிட்டதா? நான் துணி பிராசஸிங் ஆலையில் வேலை செய்கிறேன். துணியை ஏதாவது ஒரு கரைசலில் முக்கி எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. முக்கியெடுத்த துணியில் அப்படி என்ன குறை கண்டாள்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

அவளை நான்கு வரிகளில் கடந்துபோனது என் பிழை. ‘வேண்டாம் என்றாள்’ என்று மட்டும் எழுதிவிட்டு, ஏன் என்று சொல்லாமல் விட்டேன். அதனால்தான் அது உங்களுக்கு அழகுப் பித்தாகத் தெரிகிறது. அது தொழில் சார்ந்த மறுப்பு. நீங்கள் துணியோடு பழகியவர் என்பதால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபரா அரங்கில் ‘லா சில்ஃபீத்’ என்ற பாலே அரங்கேறியது. மனிதக் கைக்கு அகப்படாத காற்றுத் தேவதையாக மரி தாலியோனி ஆடினார். அவருக்காக இயுஜின் லாமி வடிவமைத்த உடைதான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு பாலேயின் முகமாக இருந்தது. இடுப்பை இறுக்கிய மேல்சட்டை, அதன் கீழே மணியைப் போல விரிந்து முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கும் வெள்ளைப் பாவாடை. நம் ஊரில் சல்லாத் துணி என்போமே, அந்த மாதிரி மெல்லிய மஸ்லினை அடுக்கடுக்காகத் தைத்தது.

அந்த அடுக்குகள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை அல்ல. ஆடுபவள் எம்பிக் குதிக்கிறாள். கால் தரையைத் தொட்ட பிறகும் பாவாடை இறங்கவில்லை. காற்றை வாங்கிக்கொண்டு, ஒரு கணம் தாமதித்து, மெல்லத்தான் அமர்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் அவள் இன்னும் மிதந்துகொண்டிருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. தேவதை என்று நம்ப வைப்பதில் பாதி வேலை கால்களுடையது, மீதி துணியுடையது.

அந்தத் துணியின் இயல்பே அதன் ஆபத்தும். நெருக்கமில்லாத நெசவில் இழைக்கு இழை காற்று நிற்கிறது, அடுக்குக்கு அடுக்கு இடைவெளி இருக்கிறது. பற்றினால் விளக்குத் திரிபோல ஏறும். பாரிஸ் ஓபராவுக்கு 1822-லேயே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. மேடையின் முன்விளிம்பிலும் பக்கத் திரைகளுக்கு இடையிலும் சுடர்கள். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாவாடை விளக்கில் பட்டுப் பற்றியது. சில நாட்களில் இறந்தார். 1861-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஓர் அரங்கில் ஒருத்தியின் உடையில் பற்றிய தீ, உதவிக்கு ஓடிவந்த மற்றப் பெண்களையும் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒரே வீட்டுச் சகோதரிகளும் இருந்தார்கள்.

ஆகவே ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாடக உடைகளையும் திரைச்சீலைகளையும் பதப்படுத்த வேண்டும் என்று பிரான்சில் 1859 இறுதியில் அரசாணையே வந்தது. கார்த்தெரோன் என்பவரின் முறையில், படிகாரமும் வெண்காரமும் போன்ற உப்புகள் கரைத்த நீரில் துணியை முக்கினார்கள். விளைவு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துணி விறைத்தது, வெண்மை மங்கியது. கஞ்சி அதிகமாகிப்போன வேட்டியைக் கட்டிக்கொண்டு காற்றுத் தேவதையாக ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதித்து இறங்கும்போது அந்தத் தாமதக் கணம் இருக்காது. பாவாடை உடலோடு சேர்ந்தே விழும்.

எம்மா 1858-இல், பதினாறு வயதில், அதே ‘லா சில்ஃபீத்’ வேடத்தில் முதல்முறையாக மேடையேறியவள். தாலியோனியே பாரிஸுக்கு வந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவளுக்காக 1860-இல் ‘லெ பப்பியோன்’ என்ற பாலேயையும் அமைத்தார், இசை ஒஃபன்பாக். அதில் எம்மா வண்ணத்துப்பூச்சியாக ஆடினாள், தீப்பந்தத்தில் சிறகு கருகும் வண்ணத்துப்பூச்சி. அவள் இறந்த பிறகு எல்லோரும் இதையே சகுனம்போல எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சகுனம் என்றதும் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது.

பொறுப்பு யாருக்கு என்பதும் எழுத்தில்தான் இருக்கிறது. அரங்க இயக்குநருக்கு அவளே கடிதம் கொடுத்தாள்: அரங்கேற்றக் காட்சிகளில் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், நேர்வதற்கெல்லாம் நானே பொறுப்பு என்று. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, அவள்மேல் அல்ல. சுடருக்குக் கூண்டு போடுவதும் நல்ல துணி தேடுவதும் நிர்வாகத்தின் வேலை. அது ஒரு பெண்ணின் கையெழுத்தோடு முடிந்துபோயிற்று. அரசாணை வந்த அதே 1859-இல் லண்டனில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இரு வேதியியலாளர்கள் மஸ்லினுக்கென்றே பல உப்புகளைச் சோதித்து, இஸ்திரி போட்டாலும் பாழாகாத சோடியம் டங்ஸ்டேட் என்ற உப்பைப் பரிந்துரைத்திருந்தார்கள். முக்குவதற்கு ஒரே ஒரு கரைசல்தான் உலகில் இருந்தது என்பதில்லை.

1862 நவம்பர் 15. ‘லா முயெத் த போர்த்திசி’ என்ற இசை நாடகத்தின் ஒத்திகை. அவளுக்கு ஊமைப் பெண் வேடம். தன் முறைக்குக் காத்திருந்தபோது, உட்கார்ந்து கசங்கிய பாவாடையை உதறி விரித்தாள். அந்த உதறலே பக்கத்து விளக்கின் சுடரை இழுத்துவிட்டது. எரிந்தபடி மேடையில் ஓடியவளைத் தீயணைப்பு வீரர் ஒருவர் கம்பளியால் போர்த்தி அணைத்தார். எட்டு மாதங்கள் வலியோடு கிடந்து, 1863 ஜூலை 26 அன்று இறந்தாள்.

எரிந்து மிஞ்சிய உடைத் துணுக்குகள் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியக நூலகத்தில் இருக்கின்றன. பாவாடையைப் பற்றிப் படுக்கையில் கிடந்தவளிடம் கேட்டிருக்கிறார்கள். பதப்படுத்தியவற்றில் ஆபத்து குறைவு என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் மறுபடி மேடைக்குப் போனால் அவற்றை அணியமாட்டேன், அவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன என்றாள் என்று பதிவாகியிருக்கிறது. மறுபடி மேடைக்குப் போவதைப் பற்றித்தான் அப்போதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.