கப்பல் ஏறும் நாள்: மகன் காசு கட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் எனக்கும் கணவருக்கும் சேர்த்து 16 நாள் கப்பல் பயணம் பதிந்திருக்கிறார். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, வியட்நாம் துறைமுகங்களில் நின்று, ஹொங்கொங்கில் இறங்க வேண்டும். மகன் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து நேரே சிங்கப்பூர் வருகிறது. நாங்கள் கிளிநொச்சியிலிருந்து போக வேண்டும். விமான ரிக்கற் போட்டுத் தந்த முகவர், “காசு முழுக்கக் கட்டியாச்சு அம்மா, போய் ஏறினாச் சரி” என்கிறார். முந்தி தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனதைத் தவிர எங்களுக்கு வேறு கப்பல் தெரியாது. ஏறும் நாளில் என்ன நடக்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: ரீச்சர், முகவர் சொன்னதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். முழுக் காசும் கட்டிய பிறகு துறைமுகக் கவுண்டரில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அநேகமாக விசாதான் காரணம். மகன் தன் கடவுச்சீட்டை மனதில் வைத்துத்தான் இந்தப் பாதையைத் தெரிவுசெய்திருப்பார். கனடாக் கடவுச்சீட்டு இருந்தால் சிங்கப்பூர், மலேசியா, ஹொங்கொங் மூன்றுக்கும் விசா வேண்டாம். வியட்நாமுக்கு மட்டும் அவரும் இ-விசா எடுக்க வேண்டும். உங்களுடைய இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்தச் சலுகை சிங்கப்பூரில்தான் உண்டு. மற்ற மூன்று நாடுகளுக்கும் இங்கிருந்தே விசா எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

“மலேசியாவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்ளுவம்” என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பாதையிலுள்ள எல்லா நாட்டு விசாவையும் முதல் துறைமுகத்திலேயே கேட்கும். ஒன்று குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள். பத்திரங்கள் பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் காசும் திரும்பி வராது. வியட்நாம் இ-விசாப் படிவத்தில் எந்த வழியால் நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். அதில் விமான நிலையத்தைக் குறித்துவிடாமல், கப்பல் முதலில் தொடும் துறைமுகத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இதுதான்: பதிவு மகன் பெயரில் இருப்பதால், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் அவர் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். வாய்ச்சொல் போதாது. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ரத்துக் கட்டணம் ஏறத் தொடங்கிவிடும் என்பதால் இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். இரண்டு கடவுச்சீட்டும் பயணம் முடிந்த பிறகு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிப்பதானால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது.

சிங்கப்பூருக்குள் போக ஒரு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச்சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் காசு கேட்கும் தனியார் தளங்கள் உண்டு, அவற்றுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கப்பல் புறப்படும் நாளில் சிங்கப்பூரில் போய் இறங்குகிற மாதிரி விமானம் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். மாரி காலத்தில் ஏ9 வீதியை வெள்ளம் மறிக்கும், ரயிலும் பிந்தும். கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணிநேரப் பறப்பு. சிங்கப்பூர் நேரமோ எங்களைவிட இரண்டரை மணிநேரம் முந்தியது. மாலை 4 மணிக்குக் கப்பல் என்றால் ஏற்றுவதை 3 மணிக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். தனியாக வாங்கிய விமான ரிக்கற்றில் வருகிறவருக்காகக் கப்பல் நிற்காது. ஒரு நாள் முந்திப் போய் அறை எடுத்துத் தங்குங்கள். அந்தச் செலவு வீண் செலவல்ல. சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு உண்டு: மரீனா பே, ஹார்பர்ஃபிரண்ட். உங்கள் சீட்டில் எது இருக்கிறதென்று பார்த்து டாக்சிக்காரரிடம் காட்டுங்கள்.

இராமானுஜத்தில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போயிருப்பீர்கள். இங்கே பெரிய பெட்டிகளை முனைய வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்; அவை உங்கள் அறைக் கதவுக்கு வர இரவாகலாம். பெயரும் அறை எண்ணும் உள்ள அட்டையை மகன் அனுப்புவார். அதை அச்சிட்டு, மழை பட்டாலும் கிழியாதபடி ஒட்டுங்கள். கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, நகை, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அயன் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கொயில், ரைஸ் குக்கர், கற்பூரம், ஊதுபத்தி இவற்றைப் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். தீப் பயம்தான் காரணம். ஐயா வெற்றிலை போடுகிறவரானால், வாய்ப்புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவதே குற்றம். பாக்குவெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கப்பலுக்குள் காசு புழங்காது. ஏறும்போது ஒரு வங்கி அட்டையைப் பதிவார்கள், செலவெல்லாம் அதில் ஏறும். உங்கள் டெபிட் அட்டையைக் கொடுத்தால் உத்தரவாதமாக ஒரு தொகையைப் பிடித்துவைத்து, பயணம் முடிந்து சில நாள் கழித்தே விடுவிப்பார்கள். ஓய்வூதியம் விழும் கணக்கு அப்படி முடங்கக் கூடாது. மகனுடைய கிரெடிட் அட்டையைப் பதியச் சொல்லுங்கள். அதோடு “பணியாளர் அன்பளிப்பு” என்று பெரிய நிறுவனங்கள் பல, ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை கணக்கில் ஏற்றும். 16 நாளுக்கு இருவருக்கும் 512 முதல் 640 டொலர் வரை வரும். மகன் கட்டிய தொகையில் அது அடங்கியதா என்று இப்போதே கேளுங்கள். கடைசி நாள் பில்லில் கண்டு திடுக்கிட்டவர்கள் நிறையப் பேர். குடிபானப் பொதி, வைஃபை, கரைச் சுற்றுலா என்று முதல் நாள் முழுக்க விற்க வருவார்கள். தேவையானதைப் புறப்படமுன் இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. தேவையில்லாததற்கு “வேண்டாம்” என்றால் போதும்.

ஒன்றை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். கப்பல் புறப்படமுன், ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று ஒரு பயிற்சி நடக்கும். 2012 ஜனவரி 13 இல் இத்தாலியக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி அடுத்த நாளுக்கென்று விட்டிருந்தார்கள். அதன் பிறகு சர்வதேச விதி மாறி, 2015 ஜனவரி 1 இலிருந்து புறப்படமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்துவது கட்டாயமானது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுதான் அபாய அறிவிப்பு. முல்லைத்தீவுக் கரையில் 2004 மார்கழிச் சுனாமியைக் கண்ட மண் எங்களுடையது. எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டித் தெரிந்திருப்பதன் பெறுமதியை எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறையிலிருந்து கூடுமிடம் வரை இருவரும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நீரிழிவு, பிரஷர் இரண்டும் உண்டு, இன்சுலின் போடுகிறார். மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் மருந்து. அவரைக் கப்பலில் கூட்டிப்போகலாமா?
– வாசகி, மன்னார்

பதில்: வைத்தியர் சம்மதித்தால் தாராளமாகப் போகலாம். சிக்கல் மருந்துப் பையில்தான். கிளினிக்கில் தரும் குளிசைகள் சின்னக் கடதாசி உறையில், பெயர் பாதி விளங்காத கையெழுத்தில் இருக்கும். வெளிநாட்டுச் சுங்கத்தில் அது என்னவென்று யாருக்கும் தெரியாது. கிளினிக் கொப்பியைக் காட்டி, மருந்தின் இரசாயனப் பெயர், அளவு, நோய் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட கடிதமொன்றை வைத்தியரிடம் வாங்குங்கள். பயண நாளுக்கு மேலே இரண்டு கிழமைக்கு வேண்டிய மருந்து இருக்கட்டும். முடிந்தால் பெயர் அச்சிட்ட அட்டையோடு பார்மசியில் வாங்குங்கள்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடித்தட்டில் உறைந்தால் அது உதவாது. குளிர்ப்பையில் வைக்கும்போதும் ஐஸ் நேரே படாமல் துணி சுற்றுங்கள். கப்பல் அறைக் குளிர்பெட்டி சில வேளை போதிய குளிர் தராது. பாவித்த ஊசிகளைப் போடும் பெட்டியையும் மருந்துக் குளிர்பெட்டியையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவைத்தால் ஏறும்போது தயாராக இருக்கும். முனையத்தில் வரிசை நீளம், ஆகவே சக்கர நாற்காலியையும் அப்போதே கேளுங்கள்.

கப்பல் வைத்தியர் பார்த்தால் டொலரில் பில் வரும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். வயது வரம்பு, கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு இரண்டையும் பத்திரத்தில் தேடி வாசியுங்கள்.

கேள்வி: முகநூலில் மலிவான கப்பல் பயண விளம்பரம் பார்த்தேன். வட்ஸ்அப்பில் பேசி, ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்கு முற்பணம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– இளைஞர், புதுக்குடியிருப்பு

பதில்: போடாதீர்கள், தம்பி. உண்மையான முகவர் நிறுவனப் பெயரிலுள்ள கணக்கில் காசு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தருவார். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் அவர்கள் பதிந்தவர்களா என்று 1912 ஐ அழைத்துக் கேளுங்கள். பதிந்தவர்களே என்றாலும், கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணை வாங்கி, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிக் காசு. ஏற்கெனவே கொடுத்துவிட்டால், உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்து வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977.