ஜப்பானில் சின்ன ராமென் கடையில் எப்படிச் சாப்பிடுவது?

சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை, பத்தே இருக்கை, வாசலில் வரிசை, மொழியும் தெரியாது, உள்ளே போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொழி அவ்வளவாகத் தேவைப்படாது. பல கடைகளில் வாசலருகே சீட்டு இயந்திரம் இருக்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையல்காரர் எதிரே மேடையில் வைத்தால் போதும். படமே இல்லையா? மேல் வரிசையில் இடது ஓரத்தை அழுத்துங்கள். பெரும்பாலும் கடையின் முக்கிய ராமென் அதுதான். 1,000 யென் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்கள் பெரிய நோட்டை வாங்காது. 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளையும் சில துப்பிவிடும்.

ஃபுகுவோக்கா நகரின் ஹகாத்தா வகை ராமென் என்றால் நூடுல்ஸ் மெலிசாக இருக்கும், சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். அதனால்தான் அளவாகப் போட்டு, 'கயேதாமா' என்று கேட்டால் இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் தருகிறார்கள். முதலிலேயே சூப்பை எல்லாம் குடித்துவிட்டால் அதை எதில் போடுவது? வேகும் பதத்தையும் கேட்பார்கள். 'கத்தா' என்றால் சற்று விறைப்பாக. எனக்கு அதுதான் பிடிக்கும்.

சர்ரென்று உறிஞ்சுவது அங்கே தப்பில்லை. அப்புறம், சைவக்காரர்கள் கவனிக்க: கறித்துண்டை எடுத்து வைத்தாலும் சூப்பே பெரும்பாலும் பன்றி எலும்பிலோ கோழியிலோ காய்ச்சியதுதான்.

சாப்பிட்டதும் அரட்டை வேண்டாம், வெளியே ஆள் நிற்கிறது. கிண்ணத்தை மேடைமேல் ஏற்றி வைத்து, 'கொச்சிசோசாமா' (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லிக் கிளம்புங்கள். டிப்ஸ் கிடையாது.